பால் ஜக்கின் அடிப்புறம்

சாப்பாடு வந்ததும் தட்டைத் தூக்கி அதன் அடியைப் பார்ப்பது என் வழக்கம். கல்யாண வீடு, ஓட்டல், சொந்தக்காரர் வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. இலங்கையில், நுவரெலியாவில் முதல் நாள் காலையில் அப்படித் தூக்கியபோது பருப்புக்கறி சரிந்து ஸ்வெட்டரில் கொட்டியது. பரிமாறியவர் தட்டில் ஏதோ அழுக்கு என்று பதறி வேறு தட்டு கொண்டுவந்தார். அதையும் தூக்கிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் என் மேசைப் பக்கமே வரவில்லை.

திருச்சி பெரிய கடைவீதியில் எங்கள் அப்பாவுக்குப் பீங்கான் கடை இருந்தது. பெட்டியைத் திறந்து வைக்கோலை விலக்கியதும் ஒவ்வொரு கோப்பையையும் விரல் முட்டியால் தட்டுவார். ‘ணங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் எங்கோ கீறல். ஆட்களையும் அவர் அப்படித்தான் தட்டிப் பார்த்தார். கடை போய்விட்டது, சந்தேகம் மட்டும் சொத்தாக என்னிடம் வந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டுதான் ஐம்பது, அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த பாத்திரங்களை நான் பல வருடங்களாகச் சேர்த்துவருகிறேன்.

இந்தப் பைத்தியத்தில் ஏமாறுவது ரொம்ப சுலபம். அந்தக் காலத்தில் அங்கே தனியாகப் பட்டறை வைத்திருந்த குயவர்கள் பாத்திரத்தின் கால் ஓரத்தில் நகத்தளவு முத்திரை ஒன்று குத்துவார்கள். இன்றைக்கு அதை யார் வேண்டுமானாலும் குத்தலாம். ஆலையில் செய்ததென்றால் அடியில் பெயர் அச்சடித்திருக்கும். பெயரை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. அதைச் சுற்றி வேறென்ன எழுதியிருக்கிறது, எந்த மையில் என்பதுதான் வயதைச் சொல்லும். ஒரே கோலம் போட்ட கோப்பையை ஆலைக்காரர்கள் வருடக்கணக்கில் செய்துகொண்டே இருப்பார்கள். அடி முத்திரையை மட்டும் அவ்வப்போது மாற்றுவார்கள்.

சென்னையில் இருக்கும் வசந்திக்கும் இதே பைத்தியம். கொட்டகலையில் ஒரு டீச்சர் வீட்டில் பால் ஜக் ஒன்று விலைக்கு இருப்பதாக அவளுக்குப் படம் வந்தது. இலையை மடித்ததுபோல் சாய்ந்த வாய், வெள்ளை உடம்பு, மெல்லிய கறுப்புக் கோடுகள், நடுநடுவே மஞ்சள் புள்ளிகள். அவளுடைய காப்பிச் செட்டில் குறைவது அது ஒன்றுதான். அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். நீ போய்ப் பார், ஐம்பதுகளில் செய்ததாக இருந்தால் வாங்கி வா, பிந்தியதாக இருந்தால் தொடாதே என்றாள். படத்தில் ஜக்கின் எல்லாப் பக்கமும் தெரிந்தது, அடியைத் தவிர. அடியைக் காட்டாத படத்தை நான் நம்புவதில்லை.

நுவரெலியாவின் குளிர் கொடைக்கானல் குளிர்தான். ஆனால் கொடைக்கானலில் என்னை இத்தனை மரியாதையாக யாரும் ஏமாற்றப் பார்த்ததில்லை. துரைமார் காலத்துச் சாமான் விற்கும் கடையொன்றில் நுழைந்தேன். கடைக்காரர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார். பட்டுத்துணியை விரித்து சாம்பல் நிறக் கிண்ணம் ஒன்றை எடுத்து, இங்கிலாந்தின் பெரிய குயவர் ஒருவர் தன் கையால் செய்தது என்றார். கால் ஓரத்தில் முத்திரை இருந்தது. மேற்பூச்சின் வெடிப்புகளில் பழுப்பும் ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேயிலை வாசனை. பழைய கிண்ணம் என்றால் மேசையில் உரசி உரசிக் கால் வழவழப்பாகியிருக்கும். இது விரலை அறுத்தது. உங்கள் ஊர்ச் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. சிரித்துக்கொண்டே கிண்ணத்தைச் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வரவழைத்தார். அதில் கலப்படம் இல்லை.

மறுநாள் கீழே ஸ்டேஷனுக்குப் போய்க் கொட்டகலைக்கு ரயிலேறினேன். எதிரே உட்கார்ந்திருந்த சிங்களத் தம்பதி என்னைப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. பக்கத்திலிருந்த தமிழரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அந்தம்மா ஏன் பையை இப்படிக் கட்டிப் புடிச்சிருக்காங்க, உள்ள கொழந்த கிழந்த இருக்கான்னு கேக்குறாங்க.” உள்ளே இருந்தது பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், பஞ்சு, நகப்பூச்சு அழிக்கும் திரவம். அவ்வளவுதான். ஆனாலும் பையை விடவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ரயில் தேயிலைக்கு நடுவே நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்திருக்கிறதாம். வறுத்த மிளகாயோடு உளுந்து வடை விற்றுக்கொண்டு வந்தவர், இப்போதைக்கு நகராது என்று சந்தோஷமாகச் சொன்னார். வடைக்காரருக்கும் மண் சரிவுக்கும் ஏதாவது ஏற்பாடு இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பலரும் இறங்கி மேட்டில் ஏறிப் பெரிய ரோட்டுக்குப் போனார்கள். நானும் மூச்சிரைக்க ஏறினேன். அங்கே பிடித்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்காமலேயே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திருச்சி டவுன் பஸ்ஸிலும் இது உண்டு. இருந்தாலும் பையின் ஜிப்பிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

“எங்கிட்டு போறீங்க?” என்று அவள் கேட்டபோது திடுக்கிட்டேன். அச்சு அசல் எங்கள் திருச்சிப் பக்கத்துத் துறையூர்ப் பேச்சு. என் ஊரைக் கண்டுபிடித்து என்னைக் கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், பஸ் முழுக்க அந்தப் பேச்சுதான். தலைமுறைகளுக்கு முன்னால் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களின் பிள்ளைகள். கடல் தாண்டி வந்து சொந்த ஊரின் குரலைக் கேட்டதில், சொந்தக்காரர்களோடு போவதுபோல் நானும் பேச்சில் கலந்துகொண்டேன். கொட்டகலையில் இறங்கியதும் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். எல்லாம் இருந்தது.

அருள்மேரி டீச்சர் ஓய்வு பெற்றவர். கடைவீதியைத் தாண்டி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, சின்ன வீட்டில் தனியாக இருந்தார். போனதுமே ஜக்கை எடுத்துவரவில்லை. தேங்காய் ரொட்டியும் கண்ணில் நீர் வரவைக்கும் சம்பலும் வைத்து, முதலில் சாப்பிடுங்கள் என்றார். விற்க நினைப்பவர் சரக்கைக் காட்ட ஏன் தயங்குகிறார்? இரண்டாவது ரொட்டியைச் சாப்பிடும்போது எனக்கு அதுதான் யோசனை. தட்டின் அடியையும் பார்த்துவைத்தேன்.

ஒருவழியாக ஜக் வந்தது. தட்டினேன், ‘ணங்’. கறுப்புக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினேன். நகம் எங்கும் தடுக்கவில்லை. அப்படியென்றால் கோலம் மேற்பூச்சுக்கு அடியில் இருக்கிறது, பிறகு வரைந்ததில்லை. சூளையில் தாங்கி வைத்த முள்ளின் தடம் கால் ஓரத்தில் மூன்று புள்ளிகளாக இருந்தது. எல்லாம் சரி. திருப்பினேன். அடி முழுக்க நீல எனாமல் பெயிண்ட், கெட்டியாக.

முத்திரையை எதற்கு மறைத்தார்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். டீச்சர் முகம் சுருங்கியது. லயத்தில் கல்யாணம், சாவு என்றால் வீட்டுக்கு வீடு பாத்திரம் இரவல் போகுமாம். திரும்பும்போது கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். நாம் எவர்சில்வரில் பெயர் வெட்டுவதுபோல. இவர்கள் வீட்டு நிறம் நீலம். அவருடைய அம்மா வருடா வருடம் கோயில் திருநாளுக்கு முன்னால் பழைய பூச்சின் மேலேயே பூசிப் பூசித் தடித்துவிட்டது. நம்பும்படியாகத்தான் இருந்தது. நம்பும்படியாகச் சொல்கிறவர்களிடம்தான் நான் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பேன். பெயிண்டை எடுத்துப் பார்க்கலாமா என்றேன். அவர் ஜக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அடியில என்ன இருந்தாலும் இது திருட்டுச் சாமான்ங்க. அதச் சொல்லாம ஒங்க தலையில கட்டக் கூடாது.”

பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய அம்மா ஞானம்மா, மேலே இருந்த துரை பங்களாவின் சமையலறையில் வேலை செய்தவர். டீச்சர் பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் அங்கே பால் ஜக் ஒன்று காணாமல் போனது. துரைசாணி ஞானம்மாவைத்தான் சந்தேகப்பட்டாள். அன்றைக்கே வேலை போய், கொழுந்து பறிக்க மலைக்குப் போனார். பல வருடம் கழித்து அதே கோடு, அதே மஞ்சள் புள்ளியோடு ஒரு ஜக் இவர்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தது. வேறொரு தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது போட்ட ஏலத்தில் வாங்கினேன், துரைசாணியிடம் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கத்தான் வாங்கினேன், அதற்குள் அவளும் சீமைக்குப் போய்விட்டாள் என்று ஞானம்மா சொல்லியிருக்கிறார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அதைத் தைரியமாக நீலம் பூசி எல்லாச் சடங்குக்கும் கொடுத்தனுப்பினார். அதையும் திமிர் என்றார்கள்.

“நீங்க நம்புனீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. சாகும்போதும் அதையே சொன்னாங்க. சரிம்மா, சரிம்மான்னேன். கொழந்தைக்குச் சொல்ற மாதிரி.”

உடைத்துப் போடவும் மனம் வரவில்லை, அம்மாவின் சாமான். வைத்திருக்கவும் முடியவில்லை, பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது. கடல் தாண்டிப் போய்த் தொலையட்டும் என்றுதான் விற்க நினைத்தாராம். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அந்த நேரத்தில் வேலிக்கு வெளியே ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் லீக்ஸும் கேரட்டும் கட்டிய பொட்டலம். டீச்சர் உள்ளே வரச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றவா என்றார். “வேணாம் புள்ள, இப்பதான் குடிச்சேன்” என்று பொட்டலத்தை வேலியில் மாட்டிவிட்டு அவர் போய்விட்டார். சவரிமுத்து என்று பெயர், பங்களாவில் தலைமைச் சமையற்காரராக இருந்தவரின் மகன் என்றார் டீச்சர். சின்னப் பிள்ளையில் பங்களாவிலேயே வளர்ந்தவர். அந்த விவகாரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கை நனைத்ததே கிடையாது. ஞானம்மா செத்தபோது வந்து மண் போட்டார், சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பங்களாவுக்குள் நடந்ததை அறிந்தவரே அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லையே என்பதுதான் ஊருக்குக் கிடைத்த சாட்சி.

அன்றிரவு பக்கத்து ஊரான ஹட்டனில் விடுதி எடுத்துப் படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கதையோடு வரும் சாமானுக்கு விலை அதிகம் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். டீச்சர் அழுததுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. வெறுங்கையோடு போனால் வசந்தி என்ன சொல்வாள் என்ற கவலை வேறு. காலையில் மீன் பணிஸ் என்று இங்கே சொல்லும் மீன் வைத்த பன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் கொட்டகலைக்குப் போனேன். அடியைப் பார்க்காமல் வாங்க முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

வாசலில் வெயிலில் உட்கார்ந்து பஞ்சை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்துத் தேய்த்தேன். நீலம் அடுக்கடுக்காகக் கரைந்தது. முதலில் ஆலையின் பெயர் வந்தது. அசல்தான் என்று மனம் குதித்தது. பிறகு கோலத்தின் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. பூதக்கண்ணாடியை வைத்துப் படித்ததும் என் முகம் விழுந்துவிட்டது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டாலும் கெடாது என்று எழுதியிருந்தது.

பிந்திய சரக்கு. இத்தனை மலை ஏறி வந்தது இதற்காகவா என்று எரிச்சலோடு பஞ்சைச் சுருட்டினேன். பையைக்கூட மூடிவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. உங்கள் அம்மாவுக்கு வேலை போனது எப்போது என்று கேட்டேன். அண்ணன் பிறப்பதற்கும் முன்னால், ஐம்பதுகளின் கடைசியில் என்றார் டீச்சர். இந்த ஆலை அந்த வரியை அச்சடிக்கத் தொடங்கியது அறுபதுகள் பாதி தாண்டிய பிறகு. அதுவரை இங்கிலாந்து வீடுகளிலும் அந்த இயந்திரம் அபூர்வம். ஞானம்மாவைத் துரத்தியபோது இந்த ஜக் களிமண்ணாகக்கூட இருந்திருக்காது.

“டீச்சர், இது அந்த ஜக் இல்லை” என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. விலையைக் குறைக்கத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக என்னை ஒருவர் தட்டிப் பார்க்கிறார், எனக்குச் சுருக்கென்றது. எனக்கு இது வேண்டவே வேண்டாம், விலையே பேசப்போவதில்லை என்றேன். செல்போனில் வசந்தியின் காப்பிச் செட்டின் அடிகளைக் காட்டினேன். அதே ஆலை, அதே கோலம், பழைய முத்திரை. அந்த வரி மட்டும் இல்லை. ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி, ஜக்கின் அடியையும் பக்கத்தில் வைத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் பார்த்தார். பார்த்து முடித்ததும் ஜக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. முந்தின ராத்திரி அவரைப் பற்றி நினைத்ததை எண்ணி வெட்கமாகவும் இருந்தது.

அழுகை நின்றதும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஜக்கோடு கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன். சவரிமுத்து தன் லயத்துக்கு முன்னால் இருந்த தோட்டத்தில் லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஜக்கைக் கவிழ்த்துக் காட்டி, இயந்திரம், எழுத்து, வருடம் என்று படபடவென்று சொன்னார். பெரியவர் அடியைப் பார்க்கவே இல்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“இது அது இல்லன்னு எனக்குத் தெரியும் புள்ள.”

எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டார்.

“அது ஒடஞ்சு போச்சு. நாந்தான் ஒடச்சேன். அப்பா துண்டப் பொறுக்கிக் குப்பக் குழியில மூடிட்டாரு. வாயத் தொறந்தா எல்லாரையும் வெரட்டிருவாங்கன்னாரு. ஒங்க அம்மாவ வெரட்டுவாங்கன்னு தெரியாது.”

“அதனாலயா மாமா எங்க வீட்டுல கை நனைக்கல?”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நனைக்கிறது?”

டீச்சர் மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மன்னிக்கவில்லை. அம்மாவுக்கு மண் போட வந்தீர்களே, அன்றைக்காவது என் காதில் சொல்லியிருக்கலாமே என்றார். எனக்குச் சொன்னது போதாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பி நடந்தார். பெரியவர் தலையை ஆட்டியதுபோல் இருந்தது.

அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. இத்தனை வருடம் மூடிவைத்த வாய் இரண்டு நாளில் திறக்குமா? சனிக்கிழமை கொழும்புக்குப் போகவேண்டியவள் போகவில்லை. விடுதிக்காரர், ஊர் அவ்வளவு பிடித்துவிட்டதா என்று விசாரித்தார். ஒருவர் வாக்குத் தவறுவதைப் பார்க்கக் காத்திருக்கிறேன் என்று சொல்லமுடியுமா? தேயிலைத் தொழிற்சாலை பார்க்கவேண்டும் என்று சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்ததுதான் நடந்தது. பூசையில் சவரிமுத்து இல்லை. காய்ச்சல் என்று யாரோ சொன்னார்கள். டீச்சர் முன்வரிசையில் முட்டிபோட்டவர் பூசை முடிந்தும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே கோயில் முற்றத்தில் பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சனம் கோப்பையோடு நின்று பேசிக்கொண்டிருந்தது. அப்போது கீழ்ப்பாதையில் கம்பளிப் போர்வையோடு அவர் ஏறி வந்தார். உண்மையிலேயே காய்ச்சல்தான், உதடு வெடித்திருந்தது.

அவருக்குப் பேச்சு கோர்வையாக வரவில்லை. பங்களா, பால், கை நழுவியது, அப்பா குழியில் மூடியது என்று துண்டு துண்டாகச் சொன்னார். ஞானம்மாக்கா ஒன்றும் எடுக்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை தெளிவாகச் சொன்னார். ஒரு வயதானவர், இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று முனகினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்தான் கடைசியில் கேட்டாள்.

“அப்ப டீச்சர் வீட்டுல இருக்கே, அது?”

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

“அது எங்க அம்மா வாங்குனது.”